எந்த மருமகன்?

முருகதாஸ் செய்யும் வேலையை ஒரே வரியில் சொல்வதென்றால், உலகத்தார் எழுதும் புரோகிராம்களை வாசித்து எங்கே பிசகு என்று சொல்வது. அவன் உட்கார்ந்து வாசிப்பதில்லை. வாசிக்கிற புரோகிராமை எழுதுகிறான். சி, சி பிளஸ் பிளஸ், அந்தக் குடும்பத்தில் பிறந்த மற்ற மொழிகள், எதில் எழுதினாலும் கம்ப்யூட்டருக்கு நேராகப் புரியாது. நடுவில் கம்பைலர் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு பாதி. வாசித்து, அர்த்தம் பிடித்து, தப்பிருந்தால் கத்துகிற முன்பாதி எங்களுடையது. பின்பாதிக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்களுடையது என்கிறேனே, நான் ஜெப்சன். மண்டைக்காட்டுக்கு மேற்கே கடற்கரையில் வீடு. தினமும் பஸ் ஏறி நாகர்கோவில் வந்து, வடசேரியில் முருகதாஸ் வீட்டு மாடியறையில் அவனுக்கு எதிர்மேசையில் உட்காருவேன். எங்கள் கம்பைலருக்கு ஹெரான் என்று பெயர். ஓப்பன் சோர்ஸ், அதாவது யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், சண்டை போடலாம். சண்டைக்குத்தான் ஆள் அதிகம். எழுத்துகளைச் சொல் சொல்லாக வெட்டித் தருவது என் பங்கு. வெட்டிய துண்டுகளை வைத்து என்ன வாக்கியம் என்று கண்டுபிடிப்பது அவன் பங்கு. என் அம்மைக்கு மீன் வியாபாரம். 'நீ துண்டு போட்டுக் குடுக்க, வாங்குனவ குழம்பு வைக்கா இல்லியா, அந்த மாதிரி' என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குமேல் அவள் கேட்டதில்லை.

முருகதாஸின் பங்கில் ஒரு பழைய தலைவலி உண்டு. சி மொழியில் a என்று எழுதி, ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பக்கத்தில் b என்று எழுதினால் அதற்கு இரண்டு அர்த்தம். a என்பது ஓர் எண் என்றால், இரண்டையும் பெருக்கு. a என்பது ஒரு வகையின் பெயர் என்றால், b என்ற புதுப் பெயர் இங்கே பிறக்கிறது. அந்த வரியை எத்தனை தரம் முறைத்துப் பார்த்தாலும் விடை கிடைக்காது. மேலே போய், a-வை யார், என்னவென்று சொல்லிவைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். மேலே சொன்னதுதான் செல்லும். கீழே சொன்னது மேலே செல்லாது. இதுதான் சட்டம்.

இந்தச் சட்டத்தை அவன் முதன்முதலில் சொல்லிக் கொடுத்தது சபிதாவுக்கு. சபிதா அவனுடைய மாமா மகள். கல்லூரியில் சி பாடத்தில் ஒரு தடவை கோட்டைவிட்டு அழுதுகொண்டு வந்தவளை, பூதப்பாண்டியில் மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, "ஏட்டி, மொதல்ல சொல்லணும், பொறவுதான் எடுக்கணும். சொல்லாம எடுத்தா கத்தும்" என்று முருகதாஸ் பாடம் எடுத்தான். அவள் பாஸானாள். இப்போது தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இவன்தான் அந்த மேசையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

ஆமாம், காதல்தான். அதைப் பெரிய ரகசியம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். சபிதா பெயர் வந்தாலே அவன் தட்டச்சு செய்வது நின்றுபோகும். எதிர்மேசையில் இருக்கிற எனக்கு அது தெரியாமல் இருக்குமா? மாமா மகள், முறைப்பெண், இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு. கேட்டால் தருவார்கள். கேட்பதுதான் பாக்கி. ஆனால் கேட்பதற்கு அவனுக்கு ஒரு தடை இருந்தது, அதை அவன் தடையாகவே நினைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஓணத்துக்கு மாமா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், யாரோ ஒரு சித்தி விளையாட்டாக, "நம்ம சபிதாவ முருகதாசுக்கே கெட்டி வச்சிரலாம்" என்றிருக்கிறாள். அப்போது இவனுக்குப் புத்தகம் படித்த மிதப்பு. அவியலைக் கையில் வைத்துக்கொண்டே, சொந்தத்தில் கட்டுவது காட்டுமிராண்டித்தனம், ஜீன் கெட்டுப்போகும், நான் ஜென்மத்துக்கும் அதைச் செய்யமாட்டேன் என்று பிரசங்கம் செய்தான். பந்தியே கேட்டது. பிறகு பிரதமன் பாயசம் வந்தது. பிரதமனோடு அவனுக்கு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று. எனக்கே இதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறான், அந்தக் காலத்தில் நான் எப்படி இருந்தேன் பார் என்று.

இந்தக் கதை நடந்த மாதங்களில் அவனுக்கும் ஹெல்மி என்ற பின்லாந்துக்காரிக்கும் ஹெரானில் ஒரு பெரிய தகராறு நடந்துகொண்டிருந்தது. அவன் எழுதிய திருத்தத்தை உள்ளே சேர்க்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். திருத்தம் இதுதான்: a நட்சத்திரம் b என்று ஒருவர் எழுதியிருக்கிறார், மேலே போய்ப் பார்த்தால் a-வைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பழைய ஹெரான் அந்த இடத்திலேயே நின்று, a யாரென்று தெரியவில்லை என்று கத்தும். முருகதாஸின் ஹெரான் கத்தாது. எழுதியவர் மனசில் இதுதான் இருந்திருக்கும் என்று தானே ஊகித்துக்கொண்டு மேலே நடக்கும். "மனுசன் மனசு தெரிஞ்சு நடக்கணும்லே. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருக்க முடியும்?" என்பான்.

ஹெல்மி ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வரியில் தப்பாக ஊகித்தால் அதை நம்பி அடுத்த வரி தப்பாகும், அதை நம்பி அதற்கடுத்த வரி. கடைசியில் நாற்பது பிழை வரும், நாற்பதில் ஒன்றுதான் உண்மையான பிழை, அது முதல் பிழை என்று எழுதினாள். ஊகிப்பது குற்றமில்லை, ஊகித்ததை உறுதி என்று நடத்துவதுதான் குற்றம் என்றும் எழுதினாள். முருகதாஸ் பதிலுக்கு மூன்று பக்கம் எழுதினான். அவளுக்கு மனிதர்களைத் தெரியாது, பனியைத்தான் தெரியும் என்று என்னிடம் சொன்னான்.

இதற்கிடையில் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் அவன் படம் வந்தது. ஹெரானில் ஏதோ ஒரு கமிட்டியில் அவன் பெயரைச் சேர்த்திருந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட நிருபர் ஒருவர் மாடியேறி வந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். மறுநாள் செய்தி: 'திறந்த மூலத்தில் சாதனை: கம்ப்யூட்டருக்கு முன்பக்கம் செய்யும் நாகர்கோவில் வாலிபர்.' முருகதாஸின் அம்மா சண்முகவடிவுக்கு முன்பக்கம் பிரச்சினையாக இல்லை, மூலம்தான் பிரச்சினை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பத்திரிகையும் கையுமாக வந்து, "எத்தற நாளா இருக்கு? சேனைக்கிழங்கு குடுத்துப் பாத்தியளா?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி அதை ஜாதக நட்சத்திரம் என்று எடுத்துக்கொண்டு, பையனுக்கு மூலம் இருந்தால் தோஷமில்லை, பெண்ணுக்குத்தான் பார்க்க வேண்டும் என்றாள். சொல் ஒன்று, அர்த்தம் மூன்று. நாங்கள் அன்று சிரித்துச் சிரித்துப் புரையேறினோம். சிரித்தவர்கள் அங்கேயே ஒரு பாடம் படித்திருக்கலாம்.

செய்தியைப் பார்த்து மாமா பகவதியப்பன் சும்மா இருப்பாரா? அவர் சண்முகவடிவுக்கு அண்ணன், வடசேரிச் சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரி, பூதப்பாண்டி வாசகசாலையின் தலைவர். மைக்கைக் கண்டால் விடமாட்டார். வாசகசாலை ஆண்டுவிழாவில் முருகதாசுக்குப் பொன்னாடை என்று அவரே தீர்மானம் போட்டு அவரே வழிமொழிந்தார். நானும் போயிருந்தேன்.

"ஏலே முருகதாசு, மேல ஏறி வா. வெக்கப்படாத" என்று மைக்கில் கூப்பிட்டார். இவன் ஏறினான். தோளில் கைபோட்டுக்கொண்டு சபையைப் பார்த்தார்.

"இந்தப் பய ஆருன்னு கேட்டியளா? எனக்க மருமகன்! உலகத்துல உள்ள அம்புட்டு கம்ப்யூட்டருக்கும் முன்பக்கம் செய்யுதது இவந்தான். பின்பக்கத்துக்கு வேற ஆளு உண்டு. ஆனா ஒண்ணு கேக்கேன், முன்பக்கம் இல்லாம பின்பக்கம் மட்டும் நிக்குமா?"

சபை கைதட்டியது. மாமா இன்னொரு தடவை, இன்னும் அழுத்தமாக, "எனக்க மருமகன்!" என்றார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சபிதாவும் கைதட்டினாள்.

திரும்பி வரும்போது நான் ஓட்டிய அவன் பைக்கில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு முருகதாஸ் என் காதில் கத்தினான். "கேட்டியா மக்கா?"

"என்னத்த?"

"மாமா சொன்னத. மருமகன்னு சபையில வச்சுச் சொல்லியாச்சு. ரெண்டு தடவ."

"லேய், நீ அவருக்க தங்கச்சி மகன். பொறந்த அண்ணைக்கே நீ அவருக்கு மருமகன்தான?"

"ஒனக்கு இது வெளங்காது. ரெண்டாவது சொல்லும்போ அவரு சபிதா இருந்த பக்கமாட்டு பாத்தாரு."

சபிதா இருந்த பக்கத்தில், அவள் தலைக்கு மேலே, வாசகசாலையின் சுவர்க்கடிகாரம் இருந்தது. மாமாவுக்குப் பேசப் பத்து நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள். இதைச் சொன்னேன். காற்றில் அவனுக்குக் கேட்கவில்லையா, கேட்டும் கேட்காத மாதிரி இருந்தானா தெரியாது.

இத்தனைக்கும் இது நாஞ்சில் நாடு. இங்கே ஒரு காலத்தில் சொத்தே மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போன வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. அந்த மருமகன் மகளைக் கட்டியவன் அல்ல, உடன்பிறந்தாள் மகன். மகளைக் கட்டுகிறவனும் மருமகன்தான். ஒரே சொல், இரண்டு வகை. எதுவென்று அந்த வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது, மேலே போய்ப் பார்க்க வேண்டும். இதைத் தொழிலாகச் செய்கிறவன், உலகத்தில் ஒரு கை விரலில் எண்ணக்கூடிய ஆட்களில் ஒருவன், பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான்.

"மாமாட்ட நேரா ஒரு வார்த்த கேட்டுரு" என்றேன்.

"சபையில சொன்ன பொறவு என்னத்த கேக்க? கேட்டா அவரு வார்த்தையில நம்பிக்க இல்லாத மாதிரி ஆயிராதா?"

ஹெல்மி சொன்ன அந்த முதல் பிழை இதுதான். மீதி முப்பத்தொன்பதும் வரிசையாக வந்தன.

அடுத்த வாரமே மாமா ஃபோன் செய்து, வீட்டில் வைஃபை சரியில்லை, சபிதாவுக்கு வீடியோ கால் விட்டு விட்டு வருகிறது, நீ வந்து பாரு மருமகனே என்றார். இவன் போனான். பள்ளிக்கூடத்து ஆன்லைன் கூட்டத்துக்காக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டான். பழைய பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கி, கேபிளை ஓட்டுக்கு மேலே இழுத்து, சபிதாவின் அறையில் சிக்னல் நூற்றுக்கு நூறு வரும்படி செய்துவிட்டு வந்தான். சபிதா, "ரொம்ப தேங்க்ஸ் அத்தான்" என்றாளாம். அத்தான் என்ற சொல்லை அவன் என்னிடம் மூன்று தடவை சொல்லிக் காட்டினான். அந்தச் சொல்லும் அதே ரகம் என்று நான் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன்?

பிறகு ஒருநாள் மாமா அவனை நாகர்கோவிலில் ஒரு துணிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பட்டுச் சட்டையும் கசவு வேட்டியும் எடுக்க வேண்டுமாம். "நீ ஒண்ணு போட்டுப் பாரு மருமகனே. ஒனக்குத் தோளு செரியா இருந்தா எல்லாம் செரி" என்றார். இவன் போட்டுப் பார்த்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னையே ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். சந்தன நிறம். சட்டை அவனுக்கென்றே தைத்தது போலத்தான் இருந்தது. மாமா அதைப் பொதிந்து வாங்கித் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது போல என்று இவன் ஊகித்தான்.

அவன் அம்மாவாவது சொல்லியிருக்கலாம். அவளும் சொல்லத்தான் செய்தாள். "சபிதாக்க காரியம் கூடி வருது மக்களே. வாற புதன்கிழம அண்ணன் வீட்டுல நாலு பேரு வாறாங்க, பேசி முடிக்கப் போறாங்க. நீ நல்ல வேட்டி உடுத்துட்டு வரணும் கேட்டியா? மருமகன் நிக்காட்டா அண்ணனுக்கு ஒரு கொறவு." அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இவன் கேட்ட அர்த்தத்தில் ஒரு சொல்கூட அவள் சொன்னதில்லை. ஆனால் எழுத்துக்கு எழுத்து இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு உள்ளூர உறுத்தியது. "லேய், நாலு பேரு ஆரு?" என்று கேட்டேன்.

"ஊர்ல பெரிய ஆளுக இருப்பாங்க. சாட்சிக்கு."

"ஒனக்க கல்யாணத்த ஒங்கிட்ட கேக்காம பேசுவாங்களா?"

"சர்ப்ரைஸ் மக்கா" என்றான். பட்டுச் சட்டை தந்த நம்பிக்கை. மேற்கொண்டு பேச எனக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால், அப்படியே நடந்துவிடக் கூடாதா என்று எனக்கும் ஆசை இருந்தது.

புதன்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனான். மாமா வீட்டு முற்றத்தில் பெருக்கி நீர் தெளித்திருந்தது. சண்முகவடிவு முன்னாலேயே வந்து அடுக்களையில் முந்திரிக்கொத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா எதற்காக அடுக்களையில் நிற்கிறாள் என்று நான் யோசித்தேன். முருகதாஸ் யோசிக்கவில்லை. அவன் சபிதாவைத் தேடிக்கொண்டிருந்தான்.

கார் வந்தது. ஒரு பெரியவர், ஒரு அம்மாள், அவர்கள் மகள் மாதிரி ஒருத்தி, கூடவே முப்பது வயசில் கண்ணாடி போட்ட ஒரு ஆள். மாமா ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தார். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்ததும் முருகதாஸின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"இதாக்கும் நான் சொன்ன எனக்க மருமகன். கம்ப்யூட்டருக்கு முன்பக்கம்."

வந்த அம்மாள் குழம்பிப்போய்த் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "மருமகனா? அப்பம் சபிதாவுக்கு மூத்தது ஒரு பொண்ணு உண்டுமா? நீங்க ஒரு பொண்ணுன்னுதான சொன்னிய?"

மாமா சிரித்தார். "அய்ய, அப்பிடி இல்ல. இவன் எனக்க தங்கச்சி மகன். சபிதாவுக்கு ஒரு அண்ணன் மாதிரின்னு வச்சுக்கிடுங்க."

அத்தை மகனை அண்ணன் ஆக்குவதை எந்தக் கம்பைலரும் விடாது. தமிழும் விடாது. மாமா விட்டார். முருகதாஸ் கையில் சிப்ஸ் தட்டு இருந்தது. தட்டு அசையவில்லை, அவனும் அசையவில்லை. நான் போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன். மாமா அதற்குள் அலமாரியைத் திறந்து துணிக்கடைப் பொதியை எடுத்து, கண்ணாடிக்காரர் கையில் இரண்டு கையாலும் கொடுத்தார்.

"அளவு செரியா இருக்கும். இவன்தான் போட்டுப் பாத்தான்."

கண்ணாடிக்காரர் பெயர் அனீஷ். துபாயில் ஒரு பள்ளியில் உயிரியல் வாத்தியார். நல்ல மனிதர், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் முருகதாஸைப் பார்த்து, "வைஃபை செஞ்சு குடுத்தது நீங்கதான? சபிதா சொன்னா. அதுக்கு முன்னால பாதி நேரம் அவ மொகம் அப்பிடியே ஒறஞ்சு போய் நிக்கும். ஒங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார். மனசாரச் சொன்னார்.

முருகதாஸ் அடுக்களைக்குப் போனான். நான் தட்டோடு பின்னால் போனேன். சண்முகவடிவும் சபிதாவின் அம்மாவும் கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். சபிதா பச்சைப் பட்டுப்புடவையில், தேயிலை கொதிக்கும் பாத்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. நான் வெளியே போயிருக்க வேண்டும். வாசலில் ஆட்கள் நின்றார்கள், போக வழியில்லை.

"அத்தான், நீங்க... அப்பா அண்ணைக்கு மைக்குல சொன்னத வச்சா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"அப்பா சந்தையில வாழத்தார் ஏத்துற வண்டிக்காரன்ட்டகூட ஒங்கள மருமகன்னுதான் சொல்லுவாரு. சின்னப் பிள்ளையில இருந்தே சொல்லுதாரு." அவள் குரல் தாழ்ந்தது. "எங்கிட்ட கேட்டியளா? ஒரு தடவையாவது?"

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ஓணத்து அண்ணைக்கு, அத்தன பேருக்கு முன்னால, ஜென்மத்துக்கும் சொந்தத்துல கெட்டமாட்டேன்னு சொன்னிய. காட்டுமிராண்டித்தனம்னு சொன்னிய. நான் அப்பம் பிரதமன் வெளம்பிக்கிட்டு இருந்தேன். ஒங்க எலைக்கும் நான்தான் வெளம்புனேன்." பாத்திரத்தில் தேயிலை பொங்கி வந்தது, அவள் அடுப்பைக் குறைத்தாள். "அதுக்குப் பொறவு நீங்க வேற ஒண்ணும் சொல்லல. நானும் ரொம்ப நாளு பாத்தேன். மேல என்ன சொல்லியிருக்கோ அதத்தான் எடுக்கணும்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கதான அத்தான்?"

முருகதாஸின் கண் நிறைந்துவிட்டது. நான் டம்ளர்களைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த டம்ளர்கள்.

"இப்பம் சொன்னா?" என்று கேட்டான்.

சபிதா அவனை நேராகப் பார்த்தாள். கோபமில்லை. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"கீழ சொன்னா மேல செல்லாதுன்னும் நீங்கதான் சொன்னிய. எனக்கு அவரப் பிடிச்சிருக்கு அத்தான். நெசமாட்டு பிடிச்சிருக்கு. அவரு மொத நாளே கேட்டாரு."

கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "மருமகனே!"

"என்ன மாமா?" என்றான் முருகதாஸ், பழக்கத்தில்.

"என்ன மாமா?" என்றது கூடத்தில் இன்னொரு குரல், அதே நேரத்தில், புதுப் பழக்கத்தில்.

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சபிதா தேயிலைத் தட்டை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள்.

அவன் அழுதது பைக்கில், என் முதுகில். வடசேரியில் இறங்கும்போது, "சட்ட நல்லா இருந்துச்சு இல்லியா?" என்று மட்டும் கேட்டான். ஆமா என்றேன். நல்லாத்தான் இருந்தது.

திங்கட்கிழமை வந்து உட்கார்ந்ததும் அவன் தன் திருத்தத்தைத் திறந்தான். ஊகித்துக்கொண்டு நடக்கிற பகுதியை முழுசாக வெட்டிப் போட்டான். அதற்குப் பதிலாக, 'இந்தப் பெயரைப் பற்றி மேலே எங்கும் சொல்லப்படவில்லை. நீங்கள் எதை நினைத்தீர்கள்?' என்று ஒரு செய்தி எழுதி வைத்தான். ஹெல்மிக்கு ஆச்சரியம். இத்தனை மாதம் சண்டை போட்டுவிட்டு எப்படி மனம் மாறினாய், புதிதாக ஏதாவது சோதனை செய்தாயா என்று கேட்டு எழுதினாள்.

எங்கள் தொழிலில், வெளியே அனுப்புவதற்கு முன்னால் நம் சொந்த மெஷினில் ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு வாடிக்கையான வாசகம் உண்டு. முருகதாஸ் அதைத்தான் எழுதினான்: 'லோக்கலாக டெஸ்ட் செய்து பார்த்தேன்.' ஹெல்மி கட்டைவிரல் படம் போட்டாள். திருத்தம் உள்ளே போயிற்று.

மத்தியானம் அவன் ஃபோன் அடித்தது. மாமா. சத்தமாகப் பேசுகிறவர், ஸ்பீக்கர் போடாமலே எனக்கும் கேட்டது.

"ஏலே மருமகனே, மண்டபத்துல மைக்கு செட்டு ஆருக்குச் சொல்லலாம்?"

முருகதாஸ் மிக மரியாதையாக, "எந்த மருமகன் மாமா?" என்று கேட்டான்.

அந்தப் பக்கம் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இதென்னலே கேள்வி? ஒன்னத்தாம்லே. அவரப் போயி நான் ஏலேன்னா கூப்புடுவேன்?"

வாசகசாலை மேடையில் மாமா மைக்கைப் பிடித்ததும் முதன்முதலில் சொன்ன சொல்லும் அந்த 'ஏலே'தான் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது.